தொலைக்காட்சி நாடகமும் மெய்ப்பாடும்: 'ஓஷின்' முதலான சில நாடகங்களைப் பற்றிய ஒரு நோக்கு

முத்தமிழுள் மூன்றாவதாக வைத்து எண்ணப்படுவது நாடகம். இயலை நாள்தோறும் கற்பிக்கிறோம்; இசையை விழாக்களில் கேட்கிறோம்; நாடகத்தையோ பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒருநாள் அழைத்து, மறுநாள் அனுப்பிவிடுகிறோம். அதிலும் தொலைக்காட்சி நாடகம் என்ற சொல்லைக் கேட்டாலே ஆசிரியர்களாகிய நம் முகம் சுருங்கும். வீட்டுப்பாடம் எழுதாத மாணாக்கனை ஏன் எழுதவில்லை என்று கேட்டால், முன்னிரவில் நாடகம் பார்த்ததாகச் சொன்ன காலம் ஒன்று உண்டு. இப்போது அந்தப் பழியைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆயினும் தொலைக்காட்சி நாடகத்தின்மேல் நாம் கொண்ட இளக்காரம் மட்டும் மாறவில்லை.

சில மாதங்களுக்கு முன் ஆசிரியர் பயிற்சிக் கூட்டமொன்றில், தொலைக்காட்சி நாடகம் இலக்கியமாகுமா என்று இளம் ஆசிரியை ஒருவர் கேட்டார். கூடியிருந்தோர் சிரித்தனர். நானும் சிரித்தேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு என்னை உறுத்திக்கொண்டே வந்தது. ஏனெனில், நாற்பதாண்டுக் காலம் நெஞ்சில் வைத்துக் காத்துவந்த ஒரு வெறுப்பினின்றும் என் பாட்டியாரைத் தொலைக்காட்சி நாடகம் ஒன்று அசைத்ததைச் சிறுவயதில் கண்ணாரக் கண்டவன் நான். அதனைக் கண்டிருந்தும் சிரித்தேனே என்பதுதான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

இலக்கியமாகுமா என்பதை ஆராய அளவுகோல் ஒன்று வேண்டும். அதனைத் தேடி வெளியே செல்ல வேண்டுவதில்லை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் இருக்கிறது. உள்ளத்து உணர்வு உடம்பின்கண் புலப்படத் தோன்றுவதே மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என்று ஆசிரியர் கூறுவார். பிறரால் இகழப்படுதல், உற்றாரையும் உடைமையையும் இழத்தல், நிலை தளர்தல், வறுமை ஆகிய நான்கினால் அழுகை பிறக்கும். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கினால் பெருமிதம் பிறக்கும். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல் என்னும் நான்கினால் வெகுளி பிறக்கும். பயிற்சிக் கல்லூரியில் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம், பின்பு மறந்தோம். தொலைக்காட்சி நாடகத்தை எடைபோட இதனினும் பொருத்தமான தராசு கிடைப்பது அரிது என்பது என் எண்ணம். சிறுதிரைக்கு உரிய பொருளே முகந்தான். முகமோ மெய்ப்பாட்டின் முதலிடம்.

இஃது உவமைக்காகச் சொல்வதன்று. வரலாறே அவ்வாறுதான் தொடங்கியது. 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துச் சகெனெக்டடி நகரில் 'தி குவீன்ஸ் மெசஞ்சர்', அதாவது அரசியின் தூதன், என்னும் சிறு நாடகம் ஒளிபரப்பப்பெற்றது. தொலைக்காட்சியில் வந்த முதல் நாடகம் அதுவே என்பர். திரையின் அளவு ஏறத்தாழ மூன்று அங்குலம். ஒரு முகமோ ஓர் இணைக் கைகளோ தவிர வேறொன்றும் அதில் அடங்காது. ஆகவே முகத்துக்கும் குரலுக்கும் இருவர், கைகளுக்கு வேறு இருவர் என நால்வரைக் கொண்டு இரண்டு பாத்திரங்களை நடத்தினர். ஒரு கருவி ஆணின் முகத்தையும், மற்றொன்று பெண்ணின் முகத்தையும், மூன்றாவது கைகளையும் அவை ஏந்திய பொருள்களையும் நோக்கி நின்றன. அரண்மனையும் படையும் தேரும் அப்பெட்டிக்குள் நுழைய இயலவில்லை. நுழைந்தது மெய்ப்பாடு ஒன்றே.

இந்தக் குறுக்கத்தைக் குறையாகக் கருதாமல் வளமாகக் கண்டவர்கள் 1950-களின் அமெரிக்க நாடகாசிரியர்கள். அக்காலத்து நாடகங்கள் பெரும்பாலும் நேரடியாக ஒளிபரப்பாயின. நடிகர் வசனம் மறந்தால் மறந்ததுதான். கதவு திறவாவிட்டால் திறவாததுதான். 1953-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் ஒளிபரப்பான 'மார்ட்டி' என்னும் நாடகத்தை எழுதியவர் பேடி சாயெவ்ஸ்கி. அதன் தலைவன் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் இறைச்சிக் கடையில் வேலை செய்பவன். தம்பி தங்கையர்க்கெல்லாம் மணமாகிவிட்டது, இவனுக்கு ஆகவில்லை. அழகில்லாதவன் என்று தன்னையே எண்ணிக் குன்றியவன். ஒரு பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து, அவள் மறுக்கும் சொற்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும் அவன் முகத்தை நாம் பார்க்கிறோம். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த முகத்தில் தோன்றுவது இளிவரல் அல்லாமல் வேறென்ன? பின்னர் நடனக்கூடம் ஒன்றில், தன்னைப்போலவே ஒதுக்கப்பட்ட ஆசிரியை ஒருத்தியைச் சந்திக்கிறான். நண்பர்கள் அவளை இகழ்கின்றனர், தாயும் முகங்கொடுக்கவில்லை. முடிவில் அவன் மறுபடியும் தொலைபேசியை எடுக்கிறான். கதை அவ்வளவே. கொலையில்லை, சூழ்ச்சியில்லை. ராட் ஸ்டைகர் மார்ட்டியாக நடித்தார். இதே கதை 1955-இல் திரைப்படமாகி ஆஸ்கார் பரிசுகளைப் பெற்றது. அதனால் நாடகத்தை மறந்து படத்தை மட்டும் நினைவிற் கொண்டிருப்பவர் பலர்.

அடுத்த ஆண்டு, 1954 செப்டம்பர் 20-ஆம் நாள், ரெஜினால்ட் ரோஸ் எழுதிய 'டுவெல்வ் ஆங்கிரி மென்' ஒளிபரப்பாயிற்று. சினங்கொண்ட பன்னிருவர் என்று பெயர்க்கலாம். கொலை வழக்கொன்றில் தீர்ப்புச் சொல்ல அமர்ந்த ஜூரிகள் பன்னிருவர் ஓர் அறைக்குள் அடைபட்டிருக்கின்றனர். மலேசியாவில் ஜூரி முறை 1995-இல் ஒழிந்துவிட்டமையால் இளம் ஆசிரியர்க்கு இதனைச் சற்று விளக்க வேண்டியிருக்கும்: நீதிபதி சட்டத்தைச் சொல்வார், குற்றம் உண்டா இல்லையா என்பதைப் பொதுமக்களுள் தெரிந்தெடுக்கப்பட்டோர் முடிவு செய்வர். பதினொருவர் குற்றவாளி என்கின்றனர். ஒருவர் மட்டும் ஐயப்படுகிறார். ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குள் அந்த ஐயம் ஒவ்வொருவராகப் பற்றிக்கொள்கிறது. கடைசி வரை இணங்காதவரின் வெகுளி, குற்றஞ்சாட்டப்பட்ட இளைஞன்மேல் எழுந்ததன்று, தம் சொந்த மகன்மேல் எழுந்தது என்பது வெளிப்படும் இடத்தில் அறையே அமைதியாகிறது. ரோஸ் தாமே ஒரு வழக்கில் ஜூரியாக அமர்ந்து பெற்ற பட்டறிவைக் கொண்டு இதனை எழுதினார். ஹென்றி ஃபோண்டா நடித்து 1957-இல் வெளிவந்த திரைப்படம் இதன் வழிவந்ததே.

இங்கே ஒரு வருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். நேரடி நாடகங்களைக் காக்க அன்றிருந்த ஒரே வழி, ஒளிபரப்பாகும் திரையையே படச்சுருளில் படம்பிடித்து வைப்பதுதான். பல சுருள்கள் அழிந்தன. 'பன்னிருவர்' நாடகத்தின் முழுமையான சுருள் 2003-இல்தான் கண்டெடுக்கப்பட்டது. ஒளிநாடா வந்த பின்பும் நிலைமை சீர்படவில்லை; நாடாவின் விலை மிகுதியாக இருந்தமையால், ஒளிபரப்பி முடித்ததும் அதனை அழித்து வேறு நிகழ்ச்சிக்குப் பயன்படுத்தினர். பிரிட்டனில் அவ்வாறு அழிந்தவை ஏராளம். ஜப்பானில் என்.எச்.கே. நிறுவனம் 1963-இல் ஒளிபரப்பிய முதல் வரலாற்றுத் தொடரில் இன்று எஞ்சியிருப்பது முதற்பகுதி ஒன்றே. ஏட்டுச் சுவடிகளைச் செல்லுக்கும் ஆடிப்பெருக்குக்கும் கொடுத்த இனத்தாராகிய நமக்கு இந்த வருத்தம் எளிதில் விளங்கும்.

அழுகையை வெகுளியாக மாற்றிய நாடகத்துக்கு எடுத்துக்காட்டு 'கேத்தி கம் ஹோம்'. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி. 1966 நவம்பர் 16-ஆம் நாள் இதனை ஒளிபரப்பியது. எழுதியவர் ஜெரமி சாண்ட்ஃபோர்ட். இயக்கியவர் கென் லோச். ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் பேர் அன்றிரவு இதனைப் பார்த்தனர். அது நாட்டு மக்களில் நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கு. கேத்தி என்ற இளம்பெண் லண்டனுக்கு வருகிறாள். லாரி ஓட்டுநன் ஒருவனை மணக்கிறாள். நல்ல வீடு அமைகிறது. விபத்தில் கணவன் காயமுற்று வருவாய் குறைகிறது. அதன் பின் ஒவ்வொரு படியாக இறக்கம்: மாமியார் வீட்டு நெருக்கடி, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றம், வண்டி வீடு, இடிந்த கட்டடம், கடைசியில் வீடற்றோர் விடுதி. அவ்விடுதியில் கணவன்மார் தங்க அனுமதியில்லை. இரயில் நிலையத்தின் இருக்கையில் குழந்தைகளோடு ஒடுங்கியிருக்கும் கேத்தியிடமிருந்து அதிகாரிகள் குழந்தைகளைப் பிடுங்கிச் செல்வதோடு நாடகம் முடிகிறது. அக்குழந்தைகளாக நடித்தவர்கள், கேத்தியாக நடித்த கேரல் வொயிட்டின் சொந்தப் பிள்ளைகள். அலறல் நடிப்பாகத் தோன்றாமைக்கு அதுவும் ஒரு காரணம்.

தொல்காப்பியர் அழுகைக்குச் சொன்ன நான்கு காரணங்களும் இந்நாடகத்தில் ஒருங்கே உள்ளன. அவ்வளவில் நின்றிருந்தால் கைக்குட்டை நனைந்ததோடு முடிந்திருக்கும். ஆனால் இடையிடையே பெயர் தெரியாத குரல்கள் வீட்டுத் தட்டுப்பாட்டுக் கணக்கைச் சொல்லிக்கொண்டே போகின்றன. முடிவில், காட்டியவை யாவும் அண்மையில் இந்நாட்டில் நடந்தவையே என்ற அறிவிப்பு வருகிறது. பார்ப்பவன் கண்ணீரைத் துடைத்தபின், இதற்குப் பொறுப்பு யார் என்று கேட்கிறான். குடியைக் கெடுத்தல் வெகுளிக்குக் காரணம் என்ற இலக்கணம் லண்டனிலும் செல்லுகிறது! வீடற்றோர்க்காக இயங்கும் ஷெல்டர் என்னும் அமைப்பு இந்நாடகத்தால் பிறந்தது என்று எழுதுவோர் உண்டு. அது பிழை. அவ்வமைப்பை முன்னரே திட்டமிட்டிருந்தனர். நாடகம் வந்த இரண்டு வாரங்களில், டிசம்பர் 1-ஆம் நாள், அது தொடங்கப்பெற்றது. நாடகத்தால் அதற்கு ஆதரவு பெருகியது என்பதே மெய். வீடற்ற குடும்பங்களுக்கு இருப்பிடம் தரும் கடமையை உள்ளாட்சி மன்றங்கள்மேல் சுமத்திய சட்டம் 1977-இல் வந்தது. அதாவது பதினோராண்டு கழித்து. நாடகம் சட்டமியற்றாது, ஆனால் அதன்பின் எவரும் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியவில்லை.

ஓஷினுக்கு வருமுன், காலத்தால் சிறிது பிந்தியதாயினும் இந்திய நாடகமொன்றைச் சொல்லிவிடுகிறேன். 'ஹம் லோக்' என்னும் இந்தித் தொடர் 1984 ஜூலையில் தூர்தர்ஷனில் தொடங்கி 1985 டிசம்பர் வரை நடந்தது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. மக்களுக்குக் குடும்பநலமும் பெண் உரிமையும் கற்பிப்பதற்கென்றே திட்டமிட்டு எழுதப்பட்ட நாடகம் அது. ஒவ்வொரு நாளும் முடிவில் திரைப்பட நடிகர் அசோக் குமார் தோன்றி, அன்றைய கதையின் பாடத்தை விளக்குவார். ஆசிரியனாகிய எனக்கு அவரிடம் ஒரு சொந்தம் தோன்றுவது இயல்பே. ஆயினும் நேர்ந்தது என்ன? அடங்கி ஒடுங்கித் துன்புறும் தாயாகிய பாகவந்தியைப் பார்த்து, பெண்கள் இவ்வாறு இருக்கலாகாது என்று மக்கள் உணர வேண்டும் என்பது ஆக்கியோர் கருத்து. பார்த்தவர்களுள் பலரோ அவளையே பின்பற்றத்தக்க நற்பெண்ணாகக் கொண்டனர் என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. பாடத்தைச் சொல்லால் விளக்கினார் அசோக் குமார். மக்கள் பாகவந்தியின் முகத்தைப் பார்த்தனர். முகமே வென்றது.

இனி ஓஷின்.

ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் 4 முதல் 1984 மார்ச் 31 வரை, ஞாயிறு நீங்கலாக நாள்தோறும் காலையில் பதினைந்து நிமிடம் ஒளிபரப்பிய தொடர் இது. மொத்தம் 297 பகுதிகள். எழுதியவர் ஹஷிடா சுகாகோ என்னும் பெண்மணி. 1925-இல் பிறந்து 2021-இல் மறைந்தவர். ஜப்பானில் தொலைக்காட்சி உடைய வீடுகளுள் சராசரி நூற்றுக்கு 52.6 வீடுகளில் இதனைப் பார்த்தனர். ஒருநாள் அது 62.9 வரை உயர்ந்தது. இவ்வளவு பேர் பார்த்த தொடர் நாடகம் அந்நாட்டில் வேறில்லை. பின்னர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்றது. ஈரானில் பழைய துணி விற்கும் கடைகளுக்குத் 'தானாகுரா' என்று பெயர் வழங்குகிறது. ஓஷின் புகுந்த குடும்பத்தின் பெயராகிய தானொகுரா என்பதன் திரிபு அது. ஒரு நாடகம் பிறமொழி அகராதியில் சொல்லொன்றை விட்டுச் செல்லுமாயின், அதன் செல்வாக்குக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இக்கதை ஹஷிடாவின் உள்ளத்தில் ஊன்றிய இடம் வடகிழக்கு ஜப்பானில் உள்ள யமகாத்தா. போர் முடிந்த காலத்தில் அங்குச் சென்றிருந்தபோது, முன்னாளில் ஒரு மூட்டை அரிசிக்காகச் சிறுமியரை மொகாமி ஆற்றில் தெப்பத்தில் ஏற்றி வேலைக்கு அனுப்பிய வழக்கத்தைக் கேள்வியுற்றார். அது பல ஆண்டுகள் அவருள் கிடந்தது. பின்னாளில் மேஜி காலத்தில் பிறந்த மூதாட்டி ஒருவர் தம் வாழ்க்கையைக் கடிதமாக எழுதி அனுப்பியது மற்றொரு தூண்டுதல். நாடகமாக்க முயன்றபோது, பழங்காலத்து ஏழைப் பெண்ணின் கதையை யார் பார்ப்பார் என்று பல இடங்களில் மறுத்தனர். ஓஷின் பிறந்த ஆண்டை ஹஷிடா 1901 என வைத்தார். பேரரசர் ஹிரோஹிட்டோ பிறந்த ஆண்டும் அதுவே. ஒரே ஆண்டில் பிறந்த இருவர், ஒருவர் அரியணையில், மற்றொருத்தி குத்தகைக் குடியானவன் குடிசையில்! ஆண்டுக் கணக்கே பேசுகிறது.

முள்ளங்கியைக் கலந்து பெருக்கிய சோறுதான் அக்குடிசையின் உணவு. விளைந்த நெல்லில் பாதி நிலக்கிழாருக்குப் போய்விடும். மேலும் ஒரு குழந்தை பிறந்தால் தாங்காது என்று, கருவைக் கலைக்கும் பொருட்டுத் தாய் உறைபனிக் காலத்து ஆற்றில் இறங்கி நிற்கிறாள். அதனைக் கண்ட ஓஷின், வேலைக்குப் போக மறுத்துக்கொண்டிருந்தவள், போகிறேன் என்கிறாள். ஆண்டு 1907, அவளுக்கு வயது ஏழு, அதுவும் பிறந்தவுடன் ஒன்று என எண்ணும் ஜப்பானியர் பழங்கணக்கில். தெப்பம் நகர்கிறது. அதுவரை கடுஞ்சொல்லன்றிப் பேசாத தந்தை, பனி படர்ந்த கரையில் நின்று கண்ணீர் விடுகிறான். கொபாயாஷி ஆயாகோ என்ற சிறுமி ஓஷினாக நடித்தாள். என்னைவிட ஓரிரு வயது இளையவள்.

நான் அதனைப் பார்த்தது 1984-ஆம் ஆண்டின் பின்பகுதியில் என்று நினைவு. நாங்கள் அப்போது தென்ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். சிங்கப்பூர் ஒளிபரப்பு அங்குத் தெளிவாகக் கிடைக்கும். தோட்டத்து எல்லையில் இருந்த சீனர் மளிகைக் கடையில் உயரமான பலகையின்மேல் தொலைக்காட்சிப் பெட்டி. சீனமொழிக் குரலில் ஓஷின் பேசினாள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. தெப்பம் நகர்ந்தபோது மட்டும் எல்லாம் விளங்கியது.

பாட்டியார் வெற்றிலை வாங்க வந்தவர். "ஜப்பான்காரன் படமா?" என்று கேட்டு, விளக்குமாற்றால் தள்ளுவதுபோல் கையை வீசிவிட்டு வெளியே நின்றார். அவருடைய மூத்த அண்ணன், ஜப்பானியர் ஆட்சியில் சயாமுக்கு இரயில் பாதை போடக் கொண்டு செல்லப்பட்டவர். 1942-க்கும் 1943-க்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் காட்டைக் குடைந்து போட்ட அப்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரவர் மாண்டனர் என்பதை இந்தப் பக்கத்தின் வாசகர்க்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. பாட்டியாரின் அண்ணனும் திரும்பவில்லை. இறந்த நாள் தெரியாததால் திதியும் இல்லை. அத்தகையவர், வெளியே நின்றபடியே திரும்பிப் பார்த்தார். அப்போது திரையில் இருந்தது, மற்றொரு குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடச் சன்னலுக்கு வெளியே நிற்கும் ஒரு சிறுமியின் முகம்.

இந்தக் காட்சியில் நான் சற்று நின்று பேச விரும்புகிறேன். தலைமையாசிரியன் என்ற முறையில் எனக்கு உரிமையான காட்சி இது. மர வாணிகர் வீட்டில் பிள்ளை தூக்கும் வேலைக்குச் சேர்ந்த ஓஷின், குழந்தையைச் சுமந்துகொண்டு பள்ளியருகே உலவுகிறாள். உள்ளே பாடம் நடக்கிறது. வெளியே நின்று கேட்கிறாள்; மண்ணில் எழுத்து வரைகிறாள். ஆசிரியர் ஒருவர் அதனைக் கண்டு, குழந்தையோடு உள்ளே வந்து அமர இடந்தருகிறார். குழந்தை அழுதால் மற்ற மாணாக்கர் ஏசுகின்றனர், துன்புறுத்துகின்றனர், சில நாளில் அவள் நின்றுவிடுகிறாள். ஜப்பானில் கட்டாயக் கல்வி நான்கு ஆண்டிலிருந்து ஆறாண்டாக நீட்டப்பட்டது இதே 1907-ஆம் ஆண்டில்தான். பள்ளி வயதுப் பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலோர் சேர்ந்துவிட்டனர் என்று அரசாங்கக் கணக்குக் காட்டியது. அந்தக் கணக்குக்கு வெளியே நிற்பவள் ஓஷின். பிள்ளை தூக்கும் சிறுமியர்க்கென்றே தனிப்பள்ளிகள் மேஜி காலத்தில் சில ஊர்களில் நடந்தன என்பதும் வரலாறு. ஆகவே இது கற்பனையில் முளைத்த காட்சியன்று.

நம் தோட்டங்களுக்கு இக்காட்சி புதிதா? பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. சட்டப்படி பள்ளியும் இருந்தது. தாய் விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்ட இறங்கிவிட, ஆயாக் கொட்டகையில் விட முடியாத கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நின்ற அக்காள்மாருக்குத்தான் பள்ளி இல்லாமற் போயிற்று. பாட்டியார் அவ்வாறு நின்றவர். அன்று அவர் கடைக்குள் வந்து, அரிசி மூட்டையின்மேல் அமர்ந்தார். அதன்பின் ஓஷின் வரும் நாளெல்லாம் வெற்றிலை தீர்ந்துவிடும்.

ஓஷின் பெருநாடகம் ஆனது அழவைத்ததனால் அன்று. அழவைத்த நாடகங்கள் ஆயிரம் உண்டு; அவற்றின் பெயரைக் கூட இன்று எவரும் அறியார். பாட்டி கொடுத்த ஐம்பது சென் நாணயத்தைத் திருடியதாகப் பழிசுமத்தப்பட்டு, பனியில் ஓடி விழுந்த ஓஷினை, மலையில் மறைந்து வாழும் ஷுன்சாக்கு என்னும் முன்னாள் போர்வீரன் காப்பாற்றுகிறான். இரஷ்யப் போரில் கண்ட கொலையால் மனம் வெறுத்துப் படையை விட்டு ஓடியவன் அவன். அவளுக்கு எழுத்துக் கற்பிக்கிறான்; வாயால் ஊதும் இசைக்கருவி ஒன்றைத் தருகிறான். பனி உருகி ஊருக்கு இறங்கும்போது படைவீரர் அவனைச் சுட்டுக் கொல்கின்றனர். பின்னர்ச் சகாத்தா நகரத்து அரிசி வாணிகர் வீட்டில், முதிய தலைவி அவளுக்குக் கணக்கும் நன்னடையும் பயிற்றுகிறாள். இழிவும் இழப்பும் வறுமையும் குறையவேயில்லை. பட்டுநூல் ஆலைக்குப் போன அக்காள் காசநோயால் இறக்கிறாள். ஆனால் அழுகைக்குரிய அதே முகத்தில் சிறிது சிறிதாகப் பெருமிதம் ஏறுகிறது. அதற்கு முதற்காரணம் கல்வி என்றும் அடுத்தது அஞ்சாமை என்றும் தொல்காப்பியர் வைத்த முறையிலேயே அது நிகழ்கிறது. தொல்காப்பியத்தை ஹஷிடா அறிந்திருக்க மாட்டார். அறிய வேண்டிய தேவையும் இல்லை. மனித முகத்தைக் கூர்ந்து பார்த்தவர் எவரும் ஒரே முடிவுக்குத்தான் வருவர் போலும்.

நாடகம் முழுதும் ஒரே தரத்தது என்று நான் சொல்லமாட்டேன். இளம்பருவத்து ஓஷினாகத் தனாகா யூகோவும், முதிய ஓஷினாக ஒத்தோவா நொபுகோவும் நடித்தனர். இருவரும் சிறந்த நடிகையர். 1923-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தொழிலை இழந்து, கணவனின் ஊராகிய சாகாவுக்குப் போய், மாமியாரிடம் படும் பாடு மிக நீண்டுவிட்டது. எங்கள் ஊரை இவ்வளவு கொடியதாகக் காட்டலாமா என்று சாகா மக்களே முறையிட்டனர். மாமியார் கொடுமை எந்த நாட்டு நாடகாசிரியருக்கும் எளிதில் கிடைக்கும் கருவி. ஹஷிடாவும் அதில் கை நீட்டினார் என்றே சொல்ல வேண்டும். கடைசிப் பகுதியில் கடைகளின் வரவுசெலவு மிகுந்து, முகம் குறைந்துபோகிறது.

பலர் இதனைப் பொறுமையின் பெருமை பேசும் கதையாகக் கொண்டனர். தொழிலாளி பொறுத்துப்போக வேண்டும் என்று விரும்புவோர்க்கு அது வசதியான விளக்கந்தான். நாடகத்தின் தொடக்கத்தை மறந்தால்தான் அவ்வாறு சொல்ல முடியும். குடும்பத்தின் பதினேழாவது பேரங்காடி திறக்கும் நாளில் முதியவளாகிய ஓஷின் எவரிடமும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போய்விடுகிறாள். எதைப் பெறுவதற்காக எதைத் தொலைத்தோம் என்று பார்ப்பதற்காகவே தான் வாழ்ந்த ஊர்களை ஒவ்வொன்றாகத் தேடிச் செல்கிறாள். 297 பகுதிகளும் அந்தத் தேடல்தான். வெற்றி பெற்ற நாட்டாரை நோக்கி, வெற்றி பெற்ற காலத்திலேயே, அவர்கள் வீட்டுக் காலையுணவு வேளையில் கேட்ட கேள்வி அது. போர்க்காலப் பகுதியும் அத்தகையதே. படைக்குத் துணைநின்று வாணிகம் செய்த கணவன், ஊர்ப்பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய பொறுப்பு தன்மேலும் உண்டு என்று உணர்ந்து, 1945-இல் தோல்விக்குப்பின் தன்னுயிரை மாய்த்துக்கொள்கிறான். மூத்த மகன் யூ போரிலிருந்து திரும்பவில்லை.

யூவின் செய்தி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படையில் அவனோடு இருந்த ஒருவன் வந்து ஓஷினிடம் ஏதோ சொல்கிறான். ஓஷின் அழவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கடைக்காரருக்கும் ஜப்பானியர் காலத்து நினைவுகள் இருந்தன. அவற்றை அவர் எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நாடகத்தை மட்டும் பாட்டியாருக்கு மலாயில் சொல்லிக்கொண்டு வருவார். அன்றும் சொன்னார்: பிலிப்பைன்ஸ் நாட்டு லூசோன் காட்டில், குண்டுபட்டன்று, பட்டினியால் இறந்தானாம்.

பாட்டியார் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அவனும் சோறில்லாமத்தான் செத்தானா?" என்று கேட்டார். கடைக்காரர் தலையசைத்தார். பாட்டியார் முந்தானையில் வெற்றிலையை முடிந்துகொண்டு எழுந்தார். லயத்துக்குப் போகும் செம்மண் பாதையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கையில்தான், சயாமுக்குப் போன தம் அண்ணனின் பெயரை முதன்முதலாக என்னிடம் சொன்னார்.